யானை நடக்கும் வழியும் நாம் நடக்கும் வழியும்: வழித்தடத்தை ஊரோடு சேர்ந்து காப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருஷங்களுக்கு முன் கோவை மாவட்டத்து மலையடிவார ஊர் ஒன்றுக்கு நாங்கள் நாலைந்து பேர் ஒரு வண்ண வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம். யானை வழித்தடம் பச்சையில், ஊர் மஞ்சளில், ரோடு சிவப்பில் என்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து நிமிஷம் பேசியிருப்போம், பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "அந்தப் பச்சைக்குள்ள என்ற வீடு இருக்குதுங்களா இல்லீங்களா, அதை மொதல்ல சொல்லுங்க தம்பி" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கூட்டம் அதோடு முடிந்தது, டீ மட்டும் மரியாதைக்குக் கொடுத்தார்கள்.

அன்று செய்த தப்பு, கடைசியில் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்தது. கோடு போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் விலங்கு எங்கே போகிறது, மனுஷன் எங்கே போகிறான், இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தெரிய வேண்டும், அப்புறம் முட்டிக்கொள்ளும் இடத்தில் யாரும் சாகாமல் இருக்க ஏற்பாடு வேண்டும், அதற்கும் அப்புறம்தான் மரம், வேலி, சட்டம் எல்லாம். இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும், ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: ஒன்று சீகூர், மற்றது வால்பாறை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சீகூர் பீடபூமியைப் பாருங்கள். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு, வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. யானைக்குச் செங்குத்து ஏறப் பிடிக்காது, பள்ளத்தாக்கையும் நினைத்த இடத்தில் தாண்ட முடியாது. ஆக, முதுமலைப் பக்கமிருந்து சத்தியமங்கலம் பக்கம் போக இடையில் இருக்கும் அந்தப் பட்டைதான் வழி. மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா எல்லாம் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன, ரிசார்ட்டுகளும் அங்கேதான் முளைத்தன. இங்கே வழித்தடம் என்றால் கழுத்து மாதிரி ஒரு இடுக்கு. அடைத்தால் மூச்சு நின்றுவிடும்.

வால்பாறை வேறு மாதிரி. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் தேயிலை, காபித் தோட்டம், சுமார் 70,000 மக்கள், சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். தோட்டத்துக்கு நடுவே ஆங்காங்கே துண்டு துண்டாகச் சோலை, ஆற்றோரத்தில் கொஞ்சம் மரம். யானைகள் இதற்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கும். அங்கே நடந்த ஆய்வுகள் சொல்வது, பகலில் அவை சோலைத் துண்டுகளிலும் ஆற்றோர மரங்களுக்குள்ளும் ஒதுங்கிக்கொள்கின்றன, இருட்டிய பிறகுதான் தேயிலையைக் கடக்கின்றன. அங்கே கழுத்தை எங்கே தேடுவது? முழு உடம்புமே வழிதான்.

உங்கள் ஊர் இந்த இரண்டில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்யுங்கள். இடுக்கு என்றால் கட்டடமும் வேலியும்தான் பெரிய பிரச்சினை, விரிந்த இடம் என்றால் எதிர்பாராமல் எதிரே வந்து நிற்பதுதான் பெரிய பிரச்சினை. மருந்து வேறு வேறு.

ஒரு வருஷம் நோட்டு எழுதுங்கள்

முழுசாக ஒரு வருஷம், இரண்டு பருவமழையும் அதில் வர வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடம், எத்தனை, குட்டி உண்டா, எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது, என்ன சேதம். கேமரா பொறி இருந்தால் நல்லது, ஆனால் காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். இல்லையென்றால் லத்தி, கால் தடம், உரசிய மரத்தில் ஒட்டிய சேறு, இவையே நிறையச் சொல்லும்.

யாரிடம் கேட்பது? காலையில் முதல் பஸ் ஓட்டுகிறவர், பால் ஊற்றுகிறவர், மாடு மேய்க்கிறவர், இரவு வாட்ச்மேன், வேட்டைத் தடுப்புக் காவலர். பழங்குடிக் குடும்பங்கள் இருந்தால் அவர்களிடம் தனியாக, நேரம் எடுத்துப் போய் உட்காருங்கள். இருளரும் குறும்பரும் காடரும் வழித்தடத்தை உச்சியிலிருந்து பார்த்த படமாகச் சொல்ல மாட்டார்கள், "அந்த ஈச்ச மரத்து ஓடைல இறங்கி, பாறைக்கு அந்தாண்ட ஏறும்" என்று நடந்த வழியாகச் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் வசதிக்கு மாற்றி எழுதாதீர்கள்.

யானைக்கு மட்டும் நோட்டு போடாதீர்கள். மனுஷன் சிரமப்பட்டதையும் அதே நோட்டில் எழுதுங்கள்: எந்த இடத்தில் யார் துரத்தப்பட்டார், எந்த வீட்டுச் சுவர் இடிந்தது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்தப் பக்கங்கள்தான் அதிகம் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தகவலை நாள்தோறும் பொது வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் டவுனிலிருந்து பைக்கில் போட்டோ எடுக்க ஆள் வந்துவிடும். இன்னும் மோசமானவர்களும் வருவார்கள்.

மூன்று படம், ஒரே தாள்

நோட்டு நிறைந்ததும் படத்துக்கு வரலாம். முதல் படத்தில் விலங்கு நடந்த வழி. இரண்டாவதில் மனுஷன் நடக்கும் வழி: பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, டாஸ்மாக் (சிரிக்காதீர்கள், மாலையில் அந்த வழியில் இருட்டில் தனியாக நடப்பவர்கள் அதிகம்). மூன்றாவதில் நிலம் யாருடையது: பட்டாவா, புறம்போக்கா, வனத்துறையா, மின்வாரியமா, எஸ்டேட் குத்தகையா. இதற்கு கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்ணோடு சரிபார்த்தே ஆக வேண்டும். எங்களைக் கேட்ட அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வேண்டியிருந்தது இந்த மூன்றாவது படம்தான்.

மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தில் சேரும் புள்ளிகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகத்தான் இருக்கும். உங்கள் திட்டம் முழுக்க அந்தப் புள்ளிகளைப் பற்றியது, மீதி இடத்தில் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியமே இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் ஊரில் பாதிப் பயம் போய்விடும்.

யாரை உட்கார வைப்பது, எப்படி

2024 ஏப்ரல் கடைசியில் தமிழகத்துக்கு 42 யானை வழித்தடங்களைக் குறித்து ஒரு வரைவு அறிக்கை வெளியானது. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல், ஆங்கிலத்தில் மட்டும், கருத்துச் சொல்லக் கிடைத்ததோ சில நாட்கள். கூடலூர்ப் பக்கம் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அறிக்கையில் இருக்கும் அறிவியல் சரியா தப்பா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போனது, ஏனென்றால் யாரும் அதைப் படித்து முடிக்கவில்லை, படித்தவர்களுக்கும் தங்கள் வீடு உள்ளே இருக்கிறதா என்று தெரியவில்லை. யானைக்கு இதனால் நஷ்டம்தான். வழித்தடம் என்ற சொல்லைக் கேட்டாலே "வெளியேத்தப் போறாங்க" என்று அர்த்தமாகிவிட்ட ஊரில் அடுத்த பத்து வருஷத்துக்கு எந்த நல்ல வேலையும் எளிதில் நடக்காது.

ஆகவே கூட்டம் போடும்போது சில விஷயம். எல்லோரையும் ஒரே அறையில் முதலிலேயே உட்கார வைக்காதீர்கள். எஸ்டேட் மேனேஜர் இருக்கும்போது லயன் வீட்டுக்காரர், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருப்பவர், வாயைத் திறக்க மாட்டார், ரேஞ்சர் இருக்கும்போது விறகு பொறுக்குகிறவர் பேச மாட்டார், ஆண்கள் பேசிக்கொண்டிருக்கும் வரை பெண்களிடம் எதுவும் கேட்க முடியாது. தனித்தனியாக இரண்டு சுற்று, அப்புறம் ஒன்றாக. மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, ஊராட்சித் தலைவர் எல்லோரும் அந்த மூன்றாவது கூட்டத்துக்கு வர வேண்டும். தாழத் தொங்கும் மின்கம்பியைத் தூக்கிக் கட்டுவது வனத்துறையால் ஆகாத காரியம், குப்பைமேட்டை மாற்றுவது ஊராட்சியால் மட்டும்தான் ஆகும்.

கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதி அங்கேயே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். பேசியதில் ஒப்புக்கொள்ளாதவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

முதலில் உயிர், மற்றதெல்லாம் அப்புறம்

இந்தப் படியில்தான் வால்பாறை பாடம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே யானையால் இறந்தவர்களின் கதைகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எம். ஆனந்தகுமார் தலைமையில் 2002 முதல் நடக்கும் வேலை இது. அவர்கள் கண்டது எளிமையான ஒரு விஷயம். யானை தேடி வந்து கொன்றது அபூர்வம். பெரும்பாலானவர்கள் மாலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி லயனுக்கு நடந்து போனபோது, பக்கத்தில் யானை நிற்பது தெரியாமலேயே அதன் முன்னால் போய் நின்றவர்கள். அப்படியானால் தேவைப்படுவது வேலியோ பட்டாசோ இல்லை, ஒரே ஒரு தகவல்: இன்றைக்கு யானை எங்கே நிற்கிறது.

2006-லேயே உள்ளூர்க் கேபிள் டிவியில் சாயங்காலம் ஓடும் எழுத்தாக அந்தத் தகவலைப் போட ஆரம்பித்தார்கள். 2011 முதல் குறுஞ்செய்தி. யானை நிற்கும் இடத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் போகும், எல்லோருக்கும் போகாது. இது முக்கியம், தினமும் சம்பந்தமில்லாத எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால் ஒரு மாதத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் குரல் அழைப்பு. அப்புறம் ரோட்டோர மேடுகளில் சிவப்பு விளக்கு, பக்கத்தில் யானை இருந்தால் கைப்பேசியிலிருந்தே அதை எரிய விடலாம். முதலில் ஆய்வுக் குழுவினரே விளக்கை இயக்கினார்கள், போகப் போக அந்தந்த இடத்து ஜனங்களே போன் எடுத்து எரியவிட ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால் திட்டம் வெற்றி பெற்றது அன்றுதான், விளக்கு வாங்கிய அன்று இல்லை. உயிரிழப்பு நன்றாகவே குறைந்தது, 2015-ல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருதும் கிடைத்தது.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. வால்பாறையில் யானை உடைத்த கட்டடங்களில் ரேஷன் கடையும் பள்ளிச் சத்துணவுக் கூடமும் நிறைய. அரிசி, பருப்பு வாசனை. அதற்குக் கண்டுபிடித்த வழி நடமாடும் ரேஷன் கடை: வண்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போய்விடும், இரவில் மூட்டை அங்கே இருக்காது. எந்த வேலியும் இவ்வளவு மலிவாக வராது.

உங்கள் ஊரில் இதைத் தொடங்க ஆடம்பரம் வேண்டாம். நோட்டு எழுதும் ஆட்களில் இரண்டு பேர் ஒருங்கிணைப்பாளர்கள், அவர்களுக்கும் வனவருக்கும் நேரடித் தொடர்பு, அப்புறம் குக்கிராம வாரியாகப் போன் எண் பட்டியல். தகவல் வந்ததும் இரண்டாவது ஆள் உறுதிப்படுத்திய பிறகே அனுப்ப வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை பொய்த்தகவல் போனால் அடுத்த பத்து உண்மைத் தகவலும் வீண். சேதமான பயிருக்கும் வீட்டுக்கும் இழப்பீட்டு மனு எழுதிக் கொடுக்க ஒருவரை நியமியுங்கள். மனு போட்டுப் பணம் கையில் வந்த ஒருவர் நூறு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சமம்.

இடம் கொடுப்பது: மரமும் நிழலும்

யாரும் சாகவில்லை என்ற நிலை வந்த பிறகு மரத்தைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள்.

வால்பாறையில் சோலைத் துண்டுகள் பலவும் தனியார் எஸ்டேட் நிலத்துக்குள் இருந்தன. ஆய்வாளர்கள் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு, துண்டுகளை வெட்டாமல் காக்கவும் சிதைந்தவற்றை மீட்கவும் இறங்கினார்கள், நிலம் யாரிடமிருந்தும் போகவில்லை. திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் இருவரும் 2000 வாக்கில் தொடங்கிய அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. ரோட்டில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போகும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் போடுகிறார்கள், வெடிப்பலா, நாங்கு, குங்கிலியம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்கள். முதலில் இடத்தை அடைத்துக்கொள்ளும் அயல்நாட்டுப் புதரான உண்ணிச்செடியை வெட்டி எடுக்க வேண்டும், தானாக முளைத்த கன்றுகளை மிதிக்காமல் விட வேண்டும், அப்புறம் மழைக்காலத் தொடக்கத்தில் நடவு, பிறகு இரண்டு மூன்று வருஷம் களையெடுப்பு. நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துப் போய்விடும் மரம் நடு விழா இல்லை இது, ஐந்தாம் வருஷம் உயிரோடு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

சோலை இல்லாத ஊரில்? ஆற்றோரம். ஓடையின் இரண்டு கரையிலும் மரமும் புதரும் இருந்தாலே பகலில் ஒதுங்க இடம் கிடைக்கும். தேயிலைக்குள் வெறும் சில்வர் ஓக் மட்டும் வைக்காமல் உள்ளூர் மரத்தையும் நிழலுக்கு வைக்கலாம்.

தடையை எடுப்பது

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், இடத்துக்கு இடம் மாறும்.

வேலி. வீட்டையும் வயலையும் சுற்றிப் போடும் சோலார் வேலி சரி, வழித்தடத்தின் குறுக்கே நீளமாகப் போடுவது பக்கத்து ஊருக்கு யானையை அனுப்பி வைப்பதுதான். நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த வருஷமே தமிழகத்தில் மின்வேலிகளைப் பதிவு செய்ய விதிகள் வந்தன, உங்கள் ஊரில் எத்தனை பதிவாகியிருக்கின்றன என்று கேளுங்கள்.

ரயில். 2021 நவம்பரில் மதுக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2024 பிப்ரவரியில் அங்கே 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களோடு செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பு வந்தது. இந்த மாதிரி வேலை ஊரால் ஆகாது, ஆனால் எந்த வளைவில் எத்தனை தடவை கடந்தது என்ற உங்கள் நோட்டு இருந்தால் கோபுரத்தை எங்கே வைப்பது என்று சொல்லலாம்.

ரோடு. பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிக்குத் தடை 2009 முதல் இருக்கிறது. எல்லா ரோட்டுக்கும் அது தேவையில்லை. வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும் இடத்தில் மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி, கீழே வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல ஆள் நிறுத்தினார்கள். அவ்வளவுதான் செலவு.

சட்டத்தை எப்போது எடுப்பது

சீகூரில் எல்லாம் கோர்ட்டில்தான் நடந்தது. பொதுநல வழக்கு, 2010-ல் வழித்தடத்தை அறிவித்த அரசாணை, 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2018-ல் ரிசார்ட்டுகளுக்குச் சீல், 2020 அக்டோபர் 14-ல் வழித்தடத்தை உறுதி செய்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அப்புறம் நில உரிமையாளர் ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு. கழுத்து மாதிரியான இடுக்கில், பணபலம் எதிரே இருக்கும்போது, வேறு வழி இருக்கவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது, சின்ன வீட்டுக்காரரும் பெரிய ரிசார்ட்காரரும் ஒரே தட்டில் வைக்கப்பட்ட மாதிரி அங்கே பலருக்குக் கசப்பு.

கோர்ட்டுக்கு முன்னால் கையில் இருக்கும் கருவிகள் சில. மலைத்தளப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எல்லோரும் ஹாகா என்று சொல்வது, 1990 முதல் இருக்கிறது. பட்டியலில் இருக்கும் கிராமத்தில் புதுக் கட்டடத்துக்கு அதன் அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலம் என்றால் மரம் வெட்டவும் நிலத்தை விற்கவும் ஆட்சியர் தலைமையிலான குழுவின் ஒப்புதல் தேவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வகை வந்தன: சரணாலயங்களை இணைக்கும் அரசு நிலத்துக்குப் பாதுகாப்புக் காப்பகம், தனியாரோ சமூகமோ தானாக முன்வரும் நிலத்துக்குச் சமுதாயக் காப்பகம். இரண்டிலும் உள்ளூர்க்காரர்கள் நிர்வாகக் குழுவில் இருப்பார்கள். வெளியேற்றம் இல்லாத ஏற்பாடு என்பதால் ஊரில் பேச இதுதான் எளிது.

2006 வன உரிமைச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். பழங்குடி, காடுசார் மக்களின் உரிமை மனுக்கள் நிலுவையில் இருக்கும்போது அதே நிலத்தில் வழித்தடம் அறிவிக்கக் கேட்பது, நெருப்பில் எண்ணெய். அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு காட்டையும் விலங்கையும் காக்கும் அதிகாரத்தை உரிமைதாரருக்கும் கிராம சபைக்கும் கொடுக்கிறது, உரிமை கிடைத்த ஊர்தான் உங்களுக்குப் பலமான கூட்டாளி. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. நவம்பர் 1-ல் தீர்மானம் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே வரைவைச் சுற்றுக்கு விடுங்கள்.

நிலம் வாங்குவது கடைசி. வயநாட்டின் திருநெல்லி-குதிரக்கோடு வழித்தடத்தில் வைல்டுலைஃப் ட்ரஸ்ட் ஆஃப் இந்தியா, சம்மதித்த குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடும் நிலமும் கொடுத்து, 2015-ல் அந்த நிலத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. செய்ய முடியும், ஆனால் வருஷக்கணக்கில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார வேண்டும்.

அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது

இந்த வேலைகள் பெரும்பாலும் தோல்வியில் முடிவதில்லை, மறந்துபோவதில் முடிகின்றன. நன்றாக ஒத்துழைத்த ரேஞ்சர் மாற்றலாகிப் போவார், எஸ்டேட் கைமாறும், ஊராட்சித் தேர்தல் வரும், எல்லாம் முதலிலிருந்து. அதனால் ஒப்பந்தம், கூட்டக் குறிப்பு, படங்கள், நோட்டுகளின் நகல் எல்லாவற்றையும் இரண்டு செட் வையுங்கள், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று பள்ளிக்கூடத்தில். வருஷத்துக்கு ஒரு முறை அதே மாதத்தில் அதே புள்ளிகளில் மறுபடி எண்ணுங்கள்: எத்தனை தடவை கடந்தது, எத்தனை வீடு சேதம், எத்தனை எச்சரிக்கை போனது, எத்தனை பேர் திரும்பிப் பதில் போட்டார்கள். யானை எண்ணிக்கை கூடியதா என்பதை உங்கள் ஒரு ஊரை வைத்துச் சொல்ல முடியாது, அதில் தலையைக் கொடுக்காதீர்கள்.

புது ரேஞ்சர் வந்து பொறுப்பேற்ற முதல் வாரத்தில், அவர் இன்னும் பெட்டியைப் பிரிக்கும் முன்னாலேயே, அந்த நாற்பது பக்க நோட்டையும் மூன்று படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு விவசாயி, ஒரு லயன் வீட்டு அம்மா, ஒரு இருளர் பெரியவர், இவர்களும் கூட வரட்டும். அந்த அம்மாவின் வீடு எந்தப் புல எண்ணில் இருக்கிறது என்று இந்தத் தடவை சொல்லத் தெரிந்திருக்கட்டும்.